செயற்கைக்கோள் தொடர்புக்கான பல பேண்ட் ஹார்ன் ஆண்டெனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பேண்டுக்கு, அதாவது ஒரே அதிர்வெண் பட்டைக்கு, ஹார்ன் எனும் வாய் விரிந்த உலோகக் குழாய் ஆண்டெனாவை வடிவமைத்துப் பழகியவர்கள் அடுத்த படியாக இரண்டு, மூன்று பேண்டுக்குப் போகும்போது கேட்கும் கேள்விகள் இவை. வேவ்கைடு (அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்), மோடு (குழாய்க்குள் அலை எடுக்கும் வடிவம்), டெசிபெல் (விகிதத்தைச் சொல்லும் அலகு) போன்ற அடிப்படைகள் தெரியும் என்று வைத்துக்கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஒவ்வொரு பேண்டுக்கும் தனி ஹார்ன் வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம், ஆனால் டிஷ்ஷுக்குக் குவியம் ஒன்றுதான். இரண்டாவது ஹார்னைப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் கற்றை வேறு திசையில் சாயும். இரண்டு பேண்டும் ஒரே செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தச் சாய்வு ஒத்துவராது. ஒரு பேண்டைக் கடக்கவிட்டு இன்னொன்றைப் பிரதிபலிக்கும் அதிர்வெண் தேர்வுப் பரப்பைத் துணைப் பிரதிபலிப்பானாக வைத்து, இரண்டு ஹார்ன்களை இரண்டு இடங்களில் நிறுத்தும் வழி உண்டு. ஆழ்வெளி நிலையங்களில் இந்த மாதிரி ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. இடமும் எடையும் தாராளமாக இருக்கும் பெரிய நிலையத்துக்கு அது சரி. கப்பலிலோ வாகனத்திலோ பொருத்தும் சிறிய முனையத்துக்கும், ஒவ்வொரு கிராமும் கணக்கில் வரும் செயற்கைக்கோளுக்கும் ஒரே ஹார்ன்தான் பொருந்தும்.

வடிவமைப்பை எங்கே தொடங்குவது?

விகிதத்தில். மேல் பேண்டின் உச்ச அதிர்வெண்ணைக் கீழ் பேண்டின் அடி அதிர்வெண்ணால் வகுங்கள். எந்த வகை ஹார்ன், பின்னால் எத்தனை உறுப்புகள், எவ்வளவு தலைவலி என்பதை இந்த ஓர் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். மென்பொருளைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு இது.

சி பேண்டில் பெறுவது 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ், அனுப்புவது 5.925 முதல் 6.425. விகிதம் 1.74. கேயு பேண்டில் பெறுவது 10.7-இல் தொடங்கி, அனுப்புவது 14.5-இல் முடிகிறது. விகிதம் 1.36. கேஏ பேண்டில் 17.7 முதல் 20.2 வரை பெற்று 27.5 முதல் 30 வரை அனுப்பினால் 1.69. இவை மூன்றுமே தனித்தனியாகப் பார்த்தால் ஒரே துவாரத்துக்குள் (ஹார்னின் வாய்க்குள்) அடங்கும். கேயுவையும் கேஏவையும் சேர்த்தால் 10.7 முதல் 30 வரை, அதாவது 2.8. அங்கேதான் கதை மாறுகிறது.

பள்ளங்களின் ஆழத்தை மட்டும் மாற்றிச் செய்யும் வழக்கமான கோருகேட்டட் ஹார்ன் (உட்சுவரில் வளையப் பள்ளங்கள் வெட்டியது) ஏறக்குறைய 1.8 வரை தாங்கும். தொண்டைப் பகுதியில் (ஹார்னின் குறுகிய பின்முனையில்) வளையம் ஏற்றிய பள்ளங்களைப் போட்டால் 2.4 வரை இழுக்கலாம். அதைத் தாண்டினால் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயை வைக்கும் கோஆக்சியல் அமைப்புக்குத்தான் போக வேண்டும். 2.4-க்கு மேல் விகிதம் இருந்தும் ஒற்றைக் குழாயிலேயே முடித்துவிடலாம் என்று மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹார்ன் ஒருவேளை படிந்துவரும், பின்னால் வரும், பேண்டுகளைப் பிரிக்கும் பிரிப்பான்கள் படியாது.

கீழ் பேண்டுக்குத் தொண்டையைப் பெரிதாக்கினால் மேல் பேண்டில் வேண்டாத மோடுகள் வந்துவிடுமே?

வரும். எவ்வளவு என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம்.

வட்ட வேவ்கைடில் அடிப்படை மோடான டிஇ11-இன் வெட்டு அதிர்வெண் (அதற்குக் கீழே அந்த மோடு குழாயில் போகாது), 175.7-ஐ மில்லிமீட்டரில் உள்ள உள்விட்டத்தால் வகுத்தால் கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும். கேயு பேண்டின் 10.7 கிகாஹெர்ட்ஸ் நிம்மதியாகப் போக வேண்டுமானால் வெட்டு அதிர்வெண்ணுக்கும் அதற்கும் நடுவே பதினைந்து சதவீதமாவது இடைவெளி வேண்டும். அதற்கும் நெருங்கினால் குழாய்க்குள் அலைநீளம் அதிர்வெண்ணோடு வேகமாக மாறுவதால் பொருத்தம் (அலை திரும்பாமல் முன்னே போவது) அமையாது. 19 மில்லிமீட்டர் விட்டம் எடுத்தால் வெட்டு 9.25 கிகாஹெர்ட்ஸ். சரி.

இதே 19 மில்லிமீட்டரில் டிஎம்01 மோடு 12.1-இல் தொடங்குகிறது. டிஇ21 15.3-இல், டிஇ01-உம் டிஎம்11-உம் 19.2-இல், டிஇ31 21.1-இல். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் 30 கிகாஹெர்ட்ஸுக்குள் பத்து மோடுகள் வழி திறந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் இரு முனைவாக்கங்களையும் (மின்புலத் திசைகளையும்) தனித்தனியாக எண்ணினால் இன்னும் கூடும்.

பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஹார்ன் சுழல் சமச்சீர் உடையது. அதற்குள் தூய டிஇ11 மட்டும் நுழைந்தால் விட்டம் எப்படி மாறினாலும் சுற்றுத்திசையில் அதே ஒருமுறை மாறும் குடும்பம்தான் பிறக்கும்: டிஎம்11, டிஇ12 என்று போகும் வரிசை. ஆகவே இந்தக் குழாயில் ஹார்னே உண்டாக்கக்கூடியவை 19.2-இல் தொடங்கும் டிஎம்11-உம் 26.8-இல் தொடங்கும் டிஇ12-உம் மட்டுமே. மற்றவை எல்லாம் சமச்சீர் கெடுவதால் வருபவை: மையம் விலகிய கடைசல், கோணலாக இறுகிய ஃப்ளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டு), பக்கவாட்டில் துளையிட்ட ஓஎம்டி (இரு முனைவாக்கங்களைப் பிரிக்கும் சந்தி). ஹார்னைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

டிஎம்11 எதிரியும் அல்ல. சரியான அளவில், சரியான கட்டத்தில் (ஃபேஸில்) டிஇ11-உடன் அது சேர்ந்தால் இரு தளங்களிலும் கற்றை ஒத்த அகலத்துக்கு வந்து பக்கக் கதிர்கள் அடங்கும். 1963-இல் பாட்டர் காட்டிய இரட்டை மோடு ஹார்னின் அடிப்படையே இதுதான். ஆனால் இரண்டு மோடுகளும் வெவ்வேறு வேகத்தில் பயணிப்பதால் வாய்க்கு வரும்போது கட்டம் பொருந்துவது ஒரு குறுகிய பேண்டில் மட்டும். அதனால் அசல் பாட்டர் ஹார்ன் பல பேண்டுக்கு உதவாது. அதன் கருத்து மட்டும் உதவும்.

கோருகேட்டட் ஹார்னா, மென்சுவர் ஹார்னா?

இந்தப் பக்கத்தில் அதிகம் விவாதிக்க வேண்டியது இதுதான்.

1960-களில் அமெரிக்காவில் கே, ஆஸ்திரேலியாவில் மின்னெட், தாமஸ் போன்றோர் வளர்த்தெடுத்தது கோருகேட்டட் ஹார்ன். உட்சுவரில் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டுகிறோம். பள்ளம் கால் அலைநீள ஆழம் இருந்தால் அடியில் உள்ள குறுக்குச்சுற்று வாயில் திறந்த சுற்றாகத் தெரியும். சுவரில் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் ஒரே மாதிரியான எல்லை நிபந்தனை அமைந்து எச்இ11 என்ற கலப்பு மோடு பிறக்கும். கற்றை வட்டமாக, குறுக்கு முனைவாக்கம் (வேண்டாத செங்குத்துத் திசையில் கசியும் அலை) மிகக் குறைவாக இருக்கும்.

ஆழம் கால் அலைநீளத்துக்கும் அரை அலைநீளத்துக்கும் நடுவில் இருக்கும் வரை ஹார்ன் ஒழுங்காக நடந்துகொள்ளும். கால் அலைநீளத்துக்குக் கீழே போனாலும், அரையைத் தாண்டி முக்கால் வரை உள்ள பகுதியிலும், பரப்பு அலைகள் கிளம்பிக் குட்டையைக் குழப்பும். இதைக் கேயு, கேஏ கூட்டணியில் வைத்துப் பாருங்கள். 10.7 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 28 மில்லிமீட்டர், பள்ளம் 7 மில்லிமீட்டர் ஆழம். 14.5-இல் அதே பள்ளம் 0.34 அலைநீளம், நல்லது. 20.2-இல் 0.47, விளிம்பில் நிற்கிறது. 27.5-இல் 0.64, 30-இல் 0.70. இரண்டுமே தடைப்பகுதிக்குள். அதாவது கேயு முழுவதும் கேஏவின் பெறும் பாதியும் இந்தப் பள்ளத்துக்குள் அடங்கிவிடும், கேஏவின் அனுப்பும் பாதி மட்டும் வெளியே நிற்கும். ஆழமும் ஆழமற்றதுமாக மாறி மாறி வரும் இரட்டைப் பள்ள முறையால் இதைச் சரிக்கட்டலாம். ஆனால் 30 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலைநீளத்துக்கு நான்கு பள்ளம் வேண்டும் என்றால் பள்ளத்துக்குப் பள்ளம் 2.5 மில்லிமீட்டர்தான் இடம். அதில் அரை மில்லிமீட்டர் சுவர் போக மீதி 2 மில்லிமீட்டர் அகலத்தில் 7 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்ட வேண்டும். கடைசல்காரரிடம் வரைபடத்தை நீட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

மென்சுவர் ஹார்னில் பள்ளமே கிடையாது. சுவரின் வளைவையே கணினியில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளால் வரையறுத்து, உயர் மோடுகள் வேண்டிய அளவில் பிறக்கும்படி உகந்ததாக்குகிறோம். எடை குறைவு, செய்வது எளிது. துவாரப் பயன்திறனும் அதிகம். சமநிலையில் உள்ள எச்இ11 துவாரம் 69 சதவீதத்தைத் தாண்டாது. வெறும் டிஇ11 துவாரமே 84 சதவீதம் தரும். மோடுகளைக் கலந்து செய்த மென்சுவர் ஹார்ன் 90-ஐயும் தாண்டும். பல கற்றைச் செயற்கைக்கோள்களில் ஹார்ன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதால் ஒவ்வொன்றின் வாய் அளவும் கட்டுப்பட்டது. அங்கே இந்தப் பயன்திறன்தான் முடிவு செய்கிறது.

என் பரிந்துரை: தரைநிலைய ஃபீடுக்கு (டிஷ்ஷுக்கு அலையை ஊட்டும் அமைப்புக்கு), விகிதம் 1.8-க்குள் இருந்தால், கோருகேட்டட். செயற்கைக்கோளில் நெருக்கமாக அடுக்கும் வரிசைக்கு மென்சுவர்.

கோஆக்சியல் அமைப்பில் உள்குழாய் வெளிக்குழாயின் அலையைத் தடுக்காதா?

தடுக்காது, அதையே மையக் கடத்தியாக்கிக்கொள்கிறோம். சி, கேயு இரண்டும் சேர்ந்த ஃபீடை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ட 19 மில்லிமீட்டர் குழாய் நடுவில் கேயுவைக் கொண்டுபோகிறது. சுவர்த் தடிப்பு 1.5 மில்லிமீட்டர் என்றால் வெளி ஆரம் 11. அதைச் சுற்றி 25 மில்லிமீட்டர் உள் ஆரம் கொண்ட இன்னொரு குழாய். நடுவில் உள்ள வளைய இடைவெளியில் சி பேண்டு போகும். கோஆக்சியல் டிஇ11-இன் வெட்டு அலைநீளம் ஏறக்குறைய இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையை 3.14-ஆல் பெருக்கியது: 113 மில்லிமீட்டர், அதாவது 2.65 கிகாஹெர்ட்ஸ். 3.7 தாராளமாகப் போகும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. கோஆக்சியல் குழாயில் வெட்டு அதிர்வெண்ணே இல்லாத டிஇஎம் மோடும் உண்டு. டிஇ21-உம் 5.3 கிகாஹெர்ட்ஸுக்கு அருகிலேயே தொடங்கிவிடுவதால் அனுப்பும் பாதியில் அது உயிரோடு இருக்கும். ஒரே பக்கத்திலிருந்து ஊட்டினால் இரண்டும் கிளம்பும். எதிரெதிரே உள்ள இரு வாசல்களை எதிர்க்கட்டத்தில் ஊட்டினால் இரண்டுமே ரத்தாகும். இரு முனைவாக்கங்களுக்கும் சேர்த்து நான்கு வாசல்கள், அவற்றை இணைக்கும் கிளைகள் என்று டர்ன்ஸ்டைல் சந்தி வந்து சேருவது இதனால்தான். ஃபீடின் பின்புறம் குழாய்க் காடாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே.

உள்குழாய் வாயில் ஒரு மின்கடத்தாக் கோலைச் செருகுவதும் வழக்கம். மேல் பேண்டின் கற்றையைக் கோல் வடிவமைக்கும், கீழ் பேண்டின் கற்றையை வெளி ஹார்ன் வடிவமைக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது பெரிதாகக் கெடாது என்பது இதன் பெரிய வசதி.

ஒரே டிஷ்ஷை இரண்டு பேண்டிலும் ஒரே மாதிரி ஒளியூட்ட முடியுமா?

வாய் அளவு மட்டுமே கற்றையைத் தீர்மானிக்கும் சிறு விரிவுக்கோண ஹார்னால் முடியாது. டிஷ் விளிம்பில் ஒளியூட்டம் மையத்தைவிட 11 டெசிபெல் குறைந்தால் பயன்திறன் உச்சம், கொள்கையளவில் 81 சதவீதம். கற்றையைக் காஸியன் வடிவம் என்று கொண்டால் விளிம்புக் குறைவு டெசிபெலில் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு வளரும். 10.7-இல் 11 டெசிபெல் வைத்த ஹார்ன் 14.5-இல் 20 டெசிபெல் ஆகிறது, பயன்திறன் 70 சதவீதம். இதுவரை பொறுத்துக்கொள்ளலாம். அதிர்வெண் இரட்டித்தால் 44 டெசிபெல், பயன்திறன் 39 சதவீதம். டிஷ்ஷின் வெளிப்பகுதி சும்மா கிடக்கும்.

இதற்கு மாற்று, விரிவுக்கோணத்தைக் கூட்டுவது. வாயின் விளிம்புக்கும் மையத்துக்கும் உள்ள பாதை வித்தியாசம் மிகக்குறைந்த அதிர்வெண்ணிலேயே முக்கால் அலைநீளம் அளவுக்கு வந்துவிட்டால், கற்றை அகலத்தை வாய் அளவுக்குப் பதில் சுவரின் கோணம் தீர்மானிக்கத் தொடங்கும். அதிர்வெண் மாறினாலும் அகலம் அதிகம் அசையாது. அதற்கு விலை வாயின் அளவு. குவியத்தில் நேரே வைக்கும் டிஷ்ஷில் பெரிய வாய் டிஷ்ஷையே மறைக்கும். ஆகவே இது, ஃபீடு குறுக்கே நிற்காத ஆஃப்செட் டிஷ்ஷுக்கும் இரட்டைப் பிரதிபலிப்பான் அமைப்புக்கும்தான் நன்றாகப் பொருந்தும்.

ஒரு சிறு குறிப்பு: குவியத்தூரம் விட்டத்தில் 0.4 பங்காக உள்ள டிஷ்ஷின் விளிம்பு, ஃபீடிலிருந்து 64 டிகிரியில் தெரியும். அங்கே தூரம் கூடுவதாலேயே ஏறக்குறைய 3 டெசிபெல் போய்விடும். எனவே ஹார்னிடம் 8 டெசிபெல் கேட்டால் போதும். இதை மறந்து 11 கேட்பவர்கள் நிறைய.

கட்ட மையம் பேண்டுக்குப் பேண்டு நகர்ந்தால்?

கட்ட மையம் என்பது அலை புறப்படுவதுபோல் தெரியும் புள்ளி. அது நகரத்தான் செய்யும். விரிவு சிறியதாக இருந்தால் கட்ட மையம் வாய்க்கு அருகே இருக்கும், பெரியதாக இருந்தால் தொண்டைப் பக்கமாக உள்ளே போகும். அதிர்வெண் ஏறும்போதும் உள்ளேதான் நகரும். டிஷ்ஷின் குவியத்தை மேல் பேண்டின் கட்ட மையத்தில் வையுங்கள். 5 மில்லிமீட்டர் பிழை 30 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம், 12 கிகாஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. பிழையைத் தாங்கக்கூடிய பேண்டிடம் பிழையைத் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வட்ட முனைவாக்கம் வேண்டுமானால் ஹார்னில் என்ன மாற்றம்?

ஹார்னில் எதுவும் இல்லை, நேர் முனைவாக்கத்தை வட்டமாக மாற்றும் போலரைசர் பின்னால் வரும். அச்சு விகிதம் (வட்டம் எவ்வளவு நீள்வட்டமாகிறது என்ற அளவு) 1 டெசிபெல் என்றால் முனைவாக்கப் பிரிப்பு 25 டெசிபெல்லுக்குச் சற்றுக் கீழே. 30-ஐத் தாண்ட வேண்டுமானால் அச்சு விகிதம் அரை டெசிபெல் அளவுக்கு இறங்க வேண்டும். கேஏ பேண்டின் 17.7 முதல் 30 வரை ஒரே போலரைசரால் இதை எட்டுவது கடினம். நடுவில் உள்ள வெற்றிடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டு முனைகளில் மட்டும் 90 டிகிரிக் கட்ட வித்தியாசம் வரும்படி வடிவமைத்தால் எளிதாகிறது.

அனுப்புவதும் பெறுவதும் ஒரே ஹார்னில் என்றால் ஒன்றையொன்று கெடுக்காதா?

அனுப்பும் பக்கம் வாட் கணக்கில், பெறும் பக்கம் பிகோவாட் கணக்கில். ஆகவே இரண்டையும் பிரிக்கும் டைப்ளெக்ஸரும் வடிகட்டியும் தவிர்க்க முடியாதவை. இழப்பையும் பாருங்கள்: பெறும் பாதையில் 0.1 டெசிபெல் இழப்பு அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 6.6 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும். வடிகட்டியில் தாராளமாக இன்னொரு படி சேர்க்கும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, செயலற்ற இடைப்பண்பேற்றம். பல அலைகளை ஒரே சமயத்தில் அனுப்பும்போது சரியாக இறுகாத உலோக இணைப்பு டயோடு போல நடந்து, பெறும் பேண்டில் விழும் புது அதிர்வெண்களை உண்டாக்கும். வடிகட்டியால் இதைத் தடுக்க முடியாது, ஏனெனில் அது வடிகட்டிக்கு முன்னாலேயே பிறக்கிறது. இணைப்புகளைக் குறைப்பதுதான் மருந்து. ஹார்னையும் தொண்டையையும் ஒரே கட்டியில் கடைவதற்குக் காரணம் இதுவும்தான்.

விண்வெளியில் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

வெற்றிடத்தில் எலெக்ட்ரான்கள் இரு சுவர்களுக்கிடையே அலையின் தாளத்துக்கு ஏற்ப மோதிப் பெருகும் மல்டிபேக்டர். ஹார்னின் வாயில் அது பிரச்சினை அல்ல, வடிகட்டியின் குறுகிய இடைவெளிகளில்தான் ஆபத்து.

எந்த மென்பொருள் நல்லது?

சுழல் சமச்சீர் உள்ள ஹார்னுக்கு மோடு பொருத்த முறைதான் வேகம். ஒரு வடிவத்தை நொடிகளில் கணக்கிட்டுவிடும் என்பதால் ஆயிரக்கணக்கில் முயன்று பார்க்கலாம். டிக்ரா நிறுவனத்தின் சாம்ப் மென்பொருள் இந்த வழியில் போவது. ஓஎம்டி, டர்ன்ஸ்டைல் போன்ற சமச்சீரற்ற பகுதிகளுக்கு எச்எஃப்எஸ்எஸ், சிஎஸ்டி போன்ற முழு முப்பரிமாணக் கணிப்பான்கள் வேண்டும். முதல் நாளே எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் போட்டு உகந்ததாக்க விடுவது நேர விரயம். தொண்டை விட்டத்தையும் வாய் விட்டத்தையும் கையால் கணக்கிட்டுப் பூட்டிவிட்டு, நடுவில் உள்ள வளைவை மட்டும் கணினியிடம் கொடுங்கள். இலக்கில் எல்லா பேண்டுகளுக்கும் சம எடை போடாதீர்கள். எந்தப் பேண்டு இணைப்புக் கணக்கில் இறுக்கமாக இருக்கிறதோ அதற்குக் கூட்டிப் போடுங்கள்.

தயாரிப்பில் எவ்வளவு துல்லியம் தேவை?

கேஏ பேண்டில் தொண்டைக்கும் போலரைசருக்கும் 20 முதல் 30 மைக்ரான். வாய்ப்பக்கம் அதைவிடத் தளர்வாக விடலாம். அலுமினியக் கடைசல்தான் பொது வழி. 30 கிகாஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் ஓடும் ஆழம் 0.4 மைக்ரானுக்கும் குறைவு. உலோகத்தூளை லேசரால் உருக்கி அச்சிட்ட ஹார்னின் சொரசொரப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது, இழப்பு கூடும். ஹார்ன் குட்டையானது என்பதால் அதற்குப் பாதகமில்லை. நீண்ட வடிகட்டியையும் சேர்த்து அச்சிட்டால் மெருகேற்றவோ வெள்ளிப் பூச்சுப் பூசவோ வேண்டியிருக்கும்.

வாயில் ஒட்டும் மெல்லிய ஜன்னல் படலம் அவசியமா?

தரையில் அவசியம். மழையும் பூச்சியும் உள்ளே போகக் கூடாது. அலைநீளத்தோடு ஒப்பிட மிக மெல்லியதாக இருந்தால் எல்லாப் பேண்டிலும் கண்ணுக்குத் தெரியாது. கெடுப்பது படலம் அல்ல, அதன் மேல் நிற்கும் தண்ணீர். கேஏ பேண்டில் ஒரு மெல்லிய நீர்ப்படலமே இணைப்பைத் துண்டிக்கப் போதும். நீர் ஒட்டாத பூச்சும் சாய்வும் கொடுங்கள்.

அளவிடும்போது எதை முதலில் பார்ப்பது?

பொருத்தத்தை. 20 டெசிபெல் திரும்பு இழப்பு என்றால் திறனில் ஒரு சதவீதம் திரும்புகிறது. 25 என்றால் 0.3 சதவீதம். பேண்டுக்குள் திடீரென்று ஊசி போன்ற பள்ளமோ மேடோ தெரிந்தால், எங்கோ ஓர் உயர் மோடு சிக்கிக்கொண்டு ஒத்திசைகிறது என்று பொருள். அப்போது கற்றை அளவீட்டுக்குப் போகாமல் இணைப்புகளைக் கழற்றி மறுபடி பொருத்திப் பாருங்கள்.

கற்றையை அளக்கத் தூரப்புல நிபந்தனை: வாய் விட்ட வர்க்கத்தின் இரு மடங்கை அலைநீளத்தால் வகுத்தது. 100 மில்லிமீட்டர் வாய்க்கு 12 கிகாஹெர்ட்ஸில் 0.8 மீட்டர், 30-இல் 2 மீட்டர். ஆகவே அறையின் நீளத்தை மேல் பேண்டே தீர்மானிக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் உறிஞ்சிகளின் தரத்தைக் கீழ் பேண்டு தீர்மானிக்கும். குறுக்கு முனைவாக்கத்தை 45 டிகிரித் தளத்தில் அளக்காமல் விடாதீர்கள். முதன்மைத் தளங்கள் இரண்டிலும் சமச்சீரே அதை மறைத்துவிடும்.

அதே ஹார்னால் செயற்கைக்கோளைப் பின்தொடரவும் முடியுமா?

முடியும். மேலே வேண்டாததாகச் சொன்ன டிஇ21 இங்கே வேலைக்கு வரும். செயற்கைக்கோள் அச்சிலிருந்து விலகினால் மட்டும் இந்த மோடு தூண்டப்படும், அச்சில் இருந்தால் சுழியம். தொண்டைக்கு முன்னால், வாய்ப்பக்கமாக, டிஇ21 இன்னும் உயிரோடிருக்கும் விட்டத்தில், சுற்றிலும் இணைப்புத் துளைகள் வைத்து அதை வெளியே எடுத்து, டிஇ11-உடன் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். 19 மில்லிமீட்டர் குழாயில் டிஇ21 15.3 கிகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்பதால் கேயு பெறும் பேண்டில் அதைப் பிடிக்க முடியாது. விட்டம் 29 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்த பிறகு, 10 கிகாஹெர்ட்ஸிலிருந்து அது கிடைக்கும். துளைகளை அங்கே போடுங்கள்.